ஏட்டில் வந்ததெல்லாம் சான்றாகுமா?

(சுண்ணாம்புக்குளத்தில் கல்லூரி மாணவர்களும் வியாபாரிகளும் கூடிய நிகழ்ச்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



  

இன்றைக்கு அரசியல் பேசுவேன் என்று எதிர்பார்த்துச் சிலர் வந்திருப்பீர்கள். நான் படிப்பைப் பற்றித்தான் பேசப் போகிறேன். அதற்குள் அரசியல் இருக்கிறதா இல்லையா என்பது போகப் போகத் தெரியும்.

2007ஆம் ஆண்டு தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்குள் முஸ்லிம்களுக்கு 3.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்தது. அதற்காக எத்தனை மாநாடுகள், எத்தனை பேரணிகள், எத்தனை மனுக்கள்! சமுதாயம் வீதியில் நின்று பெற்ற அந்த இடத்தில் இன்று நம் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள், அல்ஹம்துலில்லாஹ். உட்கார்ந்து என்ன செய்கிறார்கள்? தேர்வுக்குப் பத்து நாள் இருக்கும்போது ஜெராக்ஸ் கடையில் நோட்ஸ் வாங்குகிறார்கள். மனனம் செய்கிறார்கள். தாளில் கொட்டுகிறார்கள். மறுநாள் மறந்துவிடுகிறார்கள். மூன்று வருடத்தில் பட்டம் வந்துவிடுகிறது. ஆனால் ஒரு பக்கத்தைக் கையில் கொடுத்து, 'தம்பி, இதில் சொல்லியிருப்பது நம்பத் தக்கதா?' என்று கேட்டால் பதில் வருவதில்லை. பட்டதாரியின் தகப்பனார், தானே ஒரு பட்டதாரியை உருவாக்கியும், ஒரு அரசாங்கக் கடிதத்தைப் படித்துக்காட்ட வக்கீல் குமாஸ்தாவைத் தேடிப் போகிறார் என்றால், அந்தப் பட்டத்தால் வீட்டுக்கு என்ன லாபம்?

வியாபாரிகளே, உங்களுக்கு இதைப் புரியவைக்கப் பெரிய விளக்கம் தேவையில்லை. இறால் வாங்கும்போது கூடையின் மேல்தட்டைப் பார்த்து விலை சொல்வீர்களா? கையை அடிவரை விட்டுப் புரட்டுவீர்கள். தலை கறுத்திருக்கிறதா, ஓடு இளகிவிட்டதா, கிலோவுக்கு எத்தனை கவுண்ட் நிற்கும், ஐஸ் தண்ணீரின் எடை எவ்வளவு என்று பார்த்த பிறகுதான் வாயைத் திறப்பீர்கள். பத்துக் கிலோ இறாலுக்கு இவ்வளவு விசாரணை செய்கிற நாம், மூளைக்குள் போகிற எழுத்துக்கு ஒரு விசாரணையும் செய்வதில்லை. அச்சில் வந்துவிட்டது, போதும்! கைப்பேசியில் வந்துவிட்டது, அதைவிடப் போதும்!

சகோதரர்களே, இது நமக்குப் புதிய பாடம் அல்ல. திருக்குர்ஆனின் 49ஆவது அத்தியாயம் ஆறாவது வசனத்தின் கருத்து உங்களுக்குத் தெரியும். நம்பிக்கைக்கு உரியவன் அல்லாத ஒருவன் செய்தி கொண்டுவந்தால் தீர விசாரித்துக்கொள்ள வேண்டும், அறியாமல் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கு செய்துவிட்டு வருந்தும் நிலை வரக் கூடாது என்பது அதன் பொருள். இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். அவனுடைய செய்தியைத் தூக்கி எறியுங்கள் என்று சொல்லப்படவில்லை. விசாரியுங்கள் என்றுதான் சொல்லப்பட்டது. ஆகவே எதிரி எழுதிய புத்தகம் என்பதற்காகப் படிக்காமல் ஒதுக்குவதும் இந்த வசனத்துக்குப் பொருந்தாது. நம்மவர் எழுதியது என்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு ஏற்பதும் பொருந்தாது.

'நம்மவர் பொய் சொல்வாரா ஹஜ்ரத்?' என்று ஒரு தம்பி கேட்கலாம். இமாம் முஸ்லிம் (ரஹ்) அவர்கள் தமது ஸஹீஹ் நூலுக்கு எழுதிய முன்னுரையில் இதற்குப் பதில் இருக்கிறது. நல்லடியார்கள் என்று பெயர் பெற்றவர்களே ஹதீஸ் விஷயத்தில் மற்ற எதையும்விட அதிகமாகத் தவறான செய்திகளைச் சொல்லக் கண்டோம் என்ற கருத்தில் யஹ்யா இப்னு ஸயீத் அல்கத்தான் (ரஹ்) சொன்னதை அவர் பதிவு செய்கிறார். செய்துவிட்டு விளக்கமும் தருகிறார்: அவர்கள் வேண்டுமென்று பொய் சொல்வதில்லை, பொய் அவர்கள் நாவில் ஓடிவிடுகிறது. சிந்தித்துப் பாருங்கள்! தாடி வைத்த, தஹஜ்ஜுத் தொழுகிற ஒரு பெரியவர் ஒரு செய்தியை நமக்கு அனுப்புகிறார் என்றால் அவருடைய தக்வாவை நாம் சந்தேகிக்க வேண்டியதில்லை. செய்தியைத்தான் விசாரிக்க வேண்டும். தொழுகை அவருடைய அமல். செய்தி வேறு ஒருவருடைய சரக்கு.

அந்த ஹதீஸ் கலையில்கூடப் புள்ளிவிவரத்தைப் படிக்கத் தெரிய வேண்டும். இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் சுமார் ஆறு லட்சம் ஹதீஸ்களில் இருந்து தேர்ந்தெடுத்தார்கள் என்று மேடைகளில் கேட்டிருப்பீர்கள். உடனே ஒருவன், 'அப்படியானால் லட்சக்கணக்கான ஹதீஸ்கள் இட்டுக்கட்டப்பட்டவையா?' என்று கேட்டு உங்கள் தோழனைக் குழப்புவான். ஹதீஸ் அறிஞர்களின் வழக்கில் ஒவ்வொரு அறிவிப்பு வரிசையும் ஒரு கணக்கு. ஒரே செய்தி இருபது வழிகளில் வந்தால் அது இருபது. எண்ணைப் படிக்கும் முன் எதை எண்ணினார்கள் என்று கேட்க வேண்டும். பொருளாதாரம் படிக்கிற மாணவன் இந்தக் கேள்வியைத் தினமும் கேட்க வேண்டியவன்.

இப்போது ஒரு சம்பவம் சொல்கிறேன். ஹிஜ்ரி ஐந்தாம் நூற்றாண்டின் நடுப்பகுதி, ஏறத்தாழ கி.பி. 1055ஐ ஒட்டிய காலம், பக்தாத் நகரம். கைபர் பகுதி யூதர்களுக்கு ஜிஸ்யா வரியில் இருந்து நபி (ஸல்) அவர்கள் விலக்கு அளித்ததாகச் சொல்லும் ஒரு பழைய பத்திரம் வஸீர் இப்னுல் முஸ்லிமாவிடம் வருகிறது. ஸஹாபாக்களின் சாட்சியம் அதில் இருக்கிறது. நபி (ஸல்) அவர்கள் பெயரில் வந்த பத்திரம்! யாருக்குக் கை நடுங்காது? வஸீர் அதை ஹதீஸ் கலை மேதை கதீப் அல்பக்தாதி (ரஹ்) அவர்களிடம் காட்டினார். அவர் பார்த்துவிட்டு, இது போலி என்றார். எப்படிச் சொல்கிறீர்கள் என்று கேட்டபோது இரண்டு காரணம் சொன்னார். சாட்சிகளில் முஆவியா (ரலி) பெயர் இருக்கிறது. அவர் இஸ்லாத்தைத் தழுவியது மக்கா வெற்றியின்போது, ஹிஜ்ரி 8ல். கைபரோ ஹிஜ்ரி 7ல். இன்னொரு சாட்சி ஸஅத் இப்னு முஆத் (ரலி). அவர் அகழ்ப் போரில் பட்ட காயத்தால் ஹிஜ்ரி 5லேயே வஃபாத் ஆகிவிட்டார். கைபருக்கு இரண்டு வருடம் முன்பே மறைந்தவர் கைபர் பத்திரத்தில் எப்படிச் சாட்சி சொல்வார்? பின்னாளில் இப்னுல் கய்யிம் (ரஹ்) மேலும் பல காரணங்களை அடுக்கினார். ஜிஸ்யா பற்றிய வசனமே கைபருக்குப் பிறகுதான் இறங்கியது என்பது அவற்றில் ஒன்று.

கதீப் அவர்கள் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். கொண்டுவந்தவர் யார், எந்த மதத்தவர் என்று பார்த்துத் தள்ளவில்லை. நபியின் திருப்பெயர் இருக்கிறதே என்று உருகி ஏற்கவும் இல்லை. பெயரையும் ஆண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். அவ்வளவுதான். ஐரோப்பாவில் போப்பாண்டவரின் உலக ஆட்சிக்கு ஆதாரமாகக் காட்டப்பட்ட 'கான்ஸ்டன்டைனின் நன்கொடை' என்ற பத்திரம் போலி என்று லொரென்சோ வல்லா என்ற அறிஞர் நிறுவியது 1440ல். இன்றைய பல்கலைக்கழகங்களில் ஆவணச் சோதனைக்கு முன்னோடி என்று அவரைத்தான் பாடம் நடத்துவார்கள். நடத்தட்டும், அவர் பெரிய அறிஞர்தான். ஆனால் அதற்குச் சுமார் 385 வருடங்களுக்கு முன்பே பக்தாதில் இந்த வேலை நடந்திருக்கிறது என்பதை உங்கள் பேராசிரியரிடம் பணிவோடு எழுந்து சொல்லுங்கள்.

இதே அளவுகோலை நமக்குப் பிடித்த ஒரு கதை மீது வைக்கப் போகிறேன். கோபப்படாமல் கேளுங்கள்.

திப்பு சுல்தான் பற்றி நம் மேடைகளிலும் ஏடுகளிலும் திரும்பத் திரும்ப வரும் செய்தி ஒன்று உண்டு. சுதந்திரப் போராட்ட வீரரும் பின்னாளில் ஒரிசா ஆளுநராக இருந்தவருமான பி.என். பாண்டே சொன்னது. 1928ல் அலகாபாத்தில் அவர் ஒரு பாடநூலைப் பார்க்கிறார். திப்பு மதம் மாற்ற முயன்றதால் 3000 பிராமணர்கள் தற்கொலை செய்துகொண்டார்கள் என்று அதில் எழுதியிருக்கிறது. எழுதியவர் கல்கத்தாவின் பெரிய சமஸ்கிருத அறிஞர் ஹரபிரசாத் சாஸ்திரி. பாண்டே அவருக்குக் கடிதம் எழுதி ஆதாரம் கேட்கிறார். மைசூர் கெஜட்டீர் என்று பதில் வருகிறது. மைசூருக்கு எழுதிக் கேட்டால், கெஜட்டீரில் அப்படி எதுவும் இல்லை என்று தெரிகிறது. பிறகு கல்கத்தாப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் சர் அசுதோஷ் அந்தப் பாடநூலை நீக்க உத்தரவிட்டார் என்று கதை முடிகிறது. 1977ல் மாநிலங்களவையில் பாண்டே இதைப் பேசிய பிறகு இது நாடெங்கும் பரவியது.

அருமையான செய்தி. ஆதாரம் எங்கே என்று கேட்ட பாண்டே அவர்களின் செயல், நான் இன்று சொல்லிக்கொடுக்க நினைக்கும் பாடத்தின் முதல் வரி. ஆனால் கதீப் அவர்களின் தராசை எடுங்கள். கல்கத்தாவின் புகழ்பெற்ற துணைவேந்தர் சர் அசுதோஷ் முகர்ஜி 1924லேயே இறந்துவிட்டார். 1928ல் அந்தப் பதவியில் முதலில் இருந்தவர் வரலாற்றாசிரியர் ஜதுநாத் சர்க்கார், அவருக்குப் பின் உர்குவார்ட் என்ற ஸ்காட்லாந்துக்காரர். 1928ல் சர் அசுதோஷ் என்ற துணைவேந்தரே இல்லை!

அப்படியானால் பாண்டே பொய் சொன்னாரா? அவசரப்படாதீர்கள். நம் ஹதீஸ் கலையில் பொய்யருக்கு ஒரு சொல், நினைவு குறைந்தவருக்கு ஒரு சொல், முதுமையில் நினைவு தடுமாறியவருக்கு இக்திலாத் என்று தனியே ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். மூவரையும் ஒரே கம்பால் அடிப்பதில்லை. ஐம்பது வருடம் கழித்து ஒரு பெரியவர் நினைவில் இருந்து சொல்லும்போது ஆண்டோ பெயரோ இடம் மாறியிருக்கலாம். கதையின் கரு உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் கல்லூரி விவாதத்தில் எழுந்து இதை இரும்புத் தூண் போல நட்டால், எதிரில் இருக்கும் கெட்டிக்கார மாணவன் 1924 என்ற ஒரே எண்ணால் அதைச் சாய்த்துவிடுவான். சாய்ந்தது ஒரு கதைதான். அவையில் இருப்பவர்களோ திப்புவே சாய்ந்துவிட்டதாக நினைப்பார்கள்.

அதைவிட உறுதியான சான்று இருக்கும்போது எதற்கு இந்த ஆபத்து? 1791ல் மராட்டியப் படை சிருங்கேரி மடத்தைச் சூறையாடிய பிறகு, அந்த மடத்துக்கு உதவி செய்து திப்பு எழுதிய கன்னடக் கடிதங்கள் இருக்கின்றன. மைசூர் தொல்லியல் துறை இயக்குநர் நரசிம்மாச்சார் 1916ல் மடத்திலேயே கண்டெடுத்தவை. எழுதியவர் கடிதம், பெற்றவர் வீட்டில்! அதைப் படியுங்கள். அதே கையோடு குடகிலும் மலபாரிலும் திப்புவின் படை நடந்துகொண்ட விதத்தையும் படியுங்கள். ஒரு பக்கம் மட்டும் படித்தவன் வக்கீலாகலாம். மாணவன் ஆக மாட்டான்.

எதிர்த் தரப்பைப் படிப்பதற்கு இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களைவிடச் சிறந்த முன்மாதிரி எனக்குத் தெரியவில்லை. தத்துவவாதிகளை மறுக்க வேண்டும் என்று நினைத்தவர், முதலில் ஏறத்தாழ இரண்டு வருடம் அவர்கள் நூல்களைத் தாமே படித்தார். மூன்றாவது வருடம் படித்ததை அசைபோட்டார். பிறகு அவர்களுடைய கொள்கைகளை அவர்களே மெச்சும்படி தொகுத்து 'மகாஸிதுல் ஃபலாஸிஃபா' என்று ஒரு நூல் எழுதினார். மறுப்பு நூல் அதற்குப் பிறகுதான். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. இந்தத் தொகுப்பு நூலை 12ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினில் லத்தீனுக்கு மொழிபெயர்த்தார்கள். இவற்றை மறுப்பதற்காகவே முதலில் விளக்குகிறேன் என்று கஸ்ஸாலி எழுதிய முன்னுரை பெரும்பாலான லத்தீன் பிரதிகளில் இல்லாமல் போனது. விளைவு? ஐரோப்பிய அறிஞர்கள் பலர் கஸ்ஸாலியையும் ஒரு தத்துவவாதி என்றே நெடுங்காலம் நினைத்துக்கொண்டார்கள். முன்னுரையைப் படிக்காமல் முதல் அத்தியாயத்துக்குத் தாவுகிற தம்பிமார்கள் இதை நினைவில் வையுங்கள். யாருக்காக, எதற்காக, எந்த ஆண்டில் எழுதினேன் என்பதை ஆசிரியன் பெரும்பாலும் முன்னுரையில்தான் சொல்வான்.

சரி, வழி என்ன? அரபி மதரஸாவில் ஓதியவர்களுக்கு மூன்று பழக்கம் தெரியும். அவற்றையே கல்லூரிக்கு எடுத்துச் செல்லுங்கள் என்கிறேன். முதலாவது முதாலஆ. நாளைக்கு நடக்கப் போகும் பாடத்தை இன்று இரவே படித்து, புரியாத இடத்தைக் குறித்துவைத்துக்கொண்டு உஸ்தாதின் முன் உட்காருவது. வகுப்பில் கேட்பதற்குக் கேள்வி இருக்க வேண்டும் என்றால் இது இல்லாமல் நடக்காது. இரண்டாவது ஹாஷியா. நம் கிதாபுகளின் ஓரம் வெறுமையாக இருக்காது. மூலம் நடுவில், விளக்கம் அதைச் சுற்றி, அதற்கு மேல் குறிப்பு, குறிப்புக்கு ஒரு மறுப்பு. உங்கள் புத்தக ஓரத்தில் பென்சிலால் எழுதுங்கள். 'இது ஆசிரியரின் கருத்து', 'இதற்கு ஆதாரம் காட்டினார்', 'இங்கே காட்டவில்லை', 'இந்தச் சொல்லுக்கு என்ன பொருள்?' நூலகப் புத்தகத்தில் எழுதாதீர்கள், அது அமானிதம். தனித் தாளில் எழுதுங்கள். மூன்றாவது தக்ரார். வகுப்பு முடிந்த பிறகு நாலு மாணவர்கள் வட்டமாக உட்கார்ந்து, ஒருவன் உஸ்தாதைப் போல் பாடத்தைச் சொல்ல, மற்றவர்கள் இடைமறித்துக் கேட்பார்கள். சொல்லும்போதுதான் எவ்வளவு புரியவில்லை என்பது தெரியும்! ஆங்கிலப் புத்தகம் பயமாக இருக்கிறது என்பவர்களுக்கு இது பெரிய மருந்து. ஒரு பத்தியை ஆங்கிலத்தில் படியுங்கள், புத்தகத்தை மூடுங்கள், உங்கள் உம்மாவுக்குச் சொல்வது போல் தமிழில் சொல்லுங்கள். சொல்ல வரவில்லையென்றால் நீங்கள் படித்தது எழுத்தை, செய்தியை அல்ல.

ஹிதாயா போன்ற ஃபிக்ஹு நூல்களில் இன்னொரு முறையும் உண்டு. இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களின் கருத்தையும் அதன் ஆதாரத்தையும் முதலில் சொல்லிவிட்டுப் பிறகுதான் ஹனஃபி மத்ஹபின் பதில் வரும். கட்டுரை எழுதும்போது இந்த ஒழுங்கைப் பின்பற்றிப் பாருங்கள். மதிப்பெண் தானாக வரும்.

இந்த முறையில் சமுதாயத்துக்கு மிக வேண்டிய ஒரு நூலைப் படிப்போம். 2006 நவம்பரில் வந்த நீதிபதி சச்சார் குழு அறிக்கை. பெயரைச் சொல்லாத மேடை இல்லை, முழுதாகப் புரட்டியவர்கள் எத்தனை பேர் என்று நான் கேட்கவில்லை. அதில் 2001 மக்கள்தொகைக் கணக்கின்படி நாட்டின் எழுத்தறிவு 65.1 சதவீதம், முஸ்லிம்களுடையது 59.1 என்று இருக்கிறது. இந்த எண்ணைத் தூக்கிக்கொண்டு தமிழ்நாட்டு மேடையில், 'நாம் எழுத்தறிவில் பின்தங்கிவிட்டோம்' என்று முழங்கினால் அது தவறு. அதே கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு முஸ்லிம்களின் எழுத்தறிவு 82.9 சதவீதம், மாநிலச் சராசரியோ 73.5தான். இங்கே நம் பிரச்சினை எழுத்தறிவு அல்ல. பள்ளியில் சேர்ந்த பிள்ளை கல்லூரிவரை வருகிறதா, வந்தபின் என்ன படிக்கிறது என்பதுதான். இந்திய அளவில் 20 வயதுக்கு மேற்பட்ட முஸ்லிம்களில் பட்டம் அல்லது பட்டயம் பெற்றவர்கள் 4 சதவீதத்துக்கும் குறைவு என்று அதே அறிக்கை சொல்கிறது. தவறான இடத்தில் அழுதால் தவறான மருந்துதான் கிடைக்கும். பள்ளி வயது முஸ்லிம் பிள்ளைகளில் மதரஸாவில் படிப்பவர்கள் 3 சதவீதம் அளவே என்றும் அந்த அறிக்கை கணக்கிட்டது. 'முஸ்லிம் பிள்ளைகள் எல்லாம் மதரஸாவில்' என்று எழுதும் பத்திரிகைகளுக்கு இதைக் காட்டுங்கள். காட்டும்போது ஒன்றைச் சேர்த்துச் சொல்லுங்கள்: பள்ளிக்கூடம் போய்க்கொண்டே காலையிலோ மாலையிலோ குர்ஆன் ஓதப் போகிற மக்தப் பிள்ளைகளை அறிக்கை வேறாகப் பிரிக்கிறது. மக்தப், மதரஸா என்ற இரண்டு சொல்லையும் ஒன்றாக எண்ணியதில்தான் அந்தக் குழப்பமே பிறந்தது.

வக்ஃப் திருத்தச் சட்ட விஷயத்தில் நடந்ததையும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். 2025 செப்டம்பர் 15 அன்று உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவு பிறப்பித்தது. 'சட்டத்துக்குத் தடை' என்று ஒரு செய்தி, 'தடை விதிக்க மறுப்பு' என்று ஒரு செய்தி. இரண்டும் ஒரே மாலையில் என் கைப்பேசிக்கு வந்தன. முழுச் சட்டத்துக்கும் தடை விதிக்க நீதிமன்றம் மறுத்தது. ஐந்து வருடம் இஸ்லாத்தைப் பின்பற்றியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை, ஆட்சியருக்குக் கொடுத்த அதிகாரம் போன்ற சில பிரிவுகளை மட்டும் நிறுத்திவைத்தது. நெடுங்காலப் பயன்பாட்டால் வக்ஃப் ஆவது என்ற பிரிவை நீக்கியதற்கு அந்த உத்தரவில் தடை தரவில்லை. பழைய பள்ளிவாசல்களின் முத்தவல்லிகளுக்கு முக்கியமானது இந்தக் கடைசி வரிதான். இனிப்பு வழங்கியவர்களும் படிக்கவில்லை, அழுதவர்களும் படிக்கவில்லை.

இனி உங்கள் ஏரிக்கரைக்கே வருகிறேன்.

பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் 1613ல் முடித்த கெல்ட்ரியா கோட்டையின் இடிபாடும் அவர்களுடைய கல்லறைத் தோட்டமும் இருக்கின்றன. கல்லறையைத் தொல்லியல் துறை பாதுகாக்கிறது. கம்பெனி அதிகாரிகளின் பெயர்கள் கல்லில் அழகாகச் செதுக்கப்பட்டுள்ளன. அவர்களுக்குச் செல்வம் சேர்த்த துணியை நெய்தவர்கள் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. பழவேற்காட்டுக் கைக்குட்டையும் கட்டம்போட்ட லுங்கியும் உலகச் சந்தையில் இந்த ஊர்ப் பெயரையே தாங்கின. நெய்த கை மறைந்துவிட்டது. இதே கரையில் இருந்து மனிதர்களை அடிமைகளாகக் கப்பலேற்றி, சரக்கைப் போல் கணக்கு எழுதினார்கள். கம்பெனிக் கணக்கு ஆம்ஸ்டர்டாமில் இருந்த முதலாளிகளுக்காக எழுதப்பட்டது. ஆகவே விலை இருக்கும், வேதனை இருக்காது. ஒரு பக்கத்தில் இருப்பதைப் படிப்பது பாதிப் படிப்பு. இல்லாதவர் யார் என்று தேடுவது மறு பாதி. நம் முன்னோர் அரபு நாட்டில் இருந்து படகுகளில் வந்திறங்கினார்கள் என்று பழவேற்காட்டில் வழங்கும் வாய்மொழி வரலாற்றையும் இப்படியே படியுங்கள். பொய் என்று தள்ளச் சொல்லவில்லை. முதலில் எழுதியது யார், எப்போது, அரபுத்தமிழ் ஏடு எந்த வீட்டில் இருக்கிறது என்று தேடுங்கள். இருந்தால் கரையான் தின்னும் முன் படம் எடுங்கள். (சுண்ணாம்புக்குளம் என்ற பெயரை ஏரிக் கிளிஞ்சலோடு சேர்த்து நானே இப்போது ஒரு நல்ல கதை கட்டிவிட முடியும். அதனால்தான் எச்சரிக்கிறேன்!)

இன்று கூடியதற்கான முக்கியக் காரணத்துக்கு வந்துவிட்டேன். காட்டுப்பள்ளித் துறைமுகத்தை அதானி நிறுவனம் 2018ல் வாங்கியது. அதன் விரிவாக்கத் திட்டம் சுமார் 330 ஏக்கரில் இருந்து 6,110 ஏக்கருக்கு. ஆண்டுக்குச் சுமார் 2.5 கோடி டன் சரக்கில் இருந்து 32 கோடி டன்னுக்கு. இதற்கான பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் 2021 ஜனவரி 22 என்று அறிவிக்கப்பட்டு ஒத்திவைக்கப்பட்டது. மீண்டும் 2023 செப்டம்பர் 5 என்று அறிவிக்கப்பட்டு, அதுவும் ஒத்திவைக்கப்பட்டது. மீனவ மக்கள் எழுப்பிய குரலை நாம் அறிவோம். ஏரி கெட்டால் குப்பம் வேறு, பள்ளிவாசல் தெரு வேறு என்று பார்த்துக் கெடாது. வலை வீசுகிறவருக்கும் வாங்கி விற்கிறவருக்கும் ஒரே ஏரிதான்.

கோஷம் போடப் பலர் இருக்கிறார்கள். அந்த அறிக்கையைப் படிக்க யார் இருக்கிறார்கள்? 2006ஆம் ஆண்டு அறிவிக்கையின்படி இத்தகைய திட்டத்துக்குச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை தயாரிக்க வேண்டும். மாநில மொழியில் கட்டாயமாகத் தர வேண்டியது அதன் சுருக்கம் மட்டுமே. முழு அறிக்கை நூற்றுக்கணக்கான பக்கங்கள், ஆங்கிலத்தில். 2020ல் அந்த அறிவிக்கையையே மாற்ற மத்திய அரசு வரைவு வெளியிட்டபோது அது ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வந்தது. அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணை மொழிகளிலும் மொழிபெயர்க்க வேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2020 ஜூன் 30ல் உத்தரவிட வேண்டியிருந்தது. மீனவனுடைய வாழ்க்கையைப் பற்றிய தாளை மீனவனுக்குத் தெரியாத மொழியில் வைத்துவிட்டு, 'கருத்து சொல்' என்றால் அவன் என்ன சொல்வான்? அங்கேதான் நீங்கள் வருகிறீர்கள்.

எப்படிப் படிப்பது? முதல் கேள்வி, ராவி யார்? இந்த அறிக்கையைத் தயாரிக்கும் ஆலோசனை நிறுவனத்தை அமர்த்திக் கூலி கொடுப்பது திட்டத்தைக் கொண்டுவருகிற கம்பெனியே. நாட்டின் நடைமுறை அது. அதனால் எல்லாம் பொய் என்று ஆகிவிடாது. 49ஆவது அத்தியாயம் சொன்னபடி விசாரணை கூடுதலாக வேண்டும், அவ்வளவுதான். அடுத்து, எந்த மாதத்தில் அளந்தார்கள்? பொதுவாக மழைக்காலம் தவிர்த்த ஒரு பருவத்து அளவீடு போதும் என்ற வழக்கம் உண்டு. உங்கள் ஏரியோ வடகிழக்குப் பருவமழையில்தான் உயிர் பெறுகிறது. ஆரணியாறும் காளங்கியும் நன்னீர் கொண்டுவந்து, உப்பு இறங்கி, முகத்துவாரம் வெட்டிக்கொண்டு திறக்கும் மாதங்கள் அளவீட்டில் இல்லையென்றால் அது யாருடைய ஏரி? தேதிகளைத் தேடிக் கட்டம் போடுங்கள். கதீப் அவர்கள் தேடியது போல!

பிறகு சொல்லைத் தேடுங்கள். எந்தக் குப்பத்தார் எந்த நாளில் எந்த இடத்தில் வலை கட்டுவது என்று முறை வைத்து நடத்தும் பாடு முறை தலைமுறை தலைமுறையாக இந்த ஏரியில் உண்டு. பாடு என்ற சொல் அறிக்கையில் வருகிறதா? பாட்டு இடங்கள் வரைபடத்தில் இருக்கின்றனவா, வெறும் நீர்ப்பரப்பு என்று நீலமாகக் காட்டப்பட்டுள்ளதா? இதைக் கண்டுபிடிக்க வரைபடத்தைப் பெரியவர்களிடம் விரித்துக் காட்டுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பாட்டுக்காரர் பத்து நிமிடத்தில் சொல்வதை நீங்கள் பத்து நாளில் கண்டுபிடிக்க முடியாது. கடைசியாக, தமிழ்ச் சுருக்கத்தையும் ஆங்கில மூலத்தையும் வரிக்கு வரி ஒப்பிடுங்கள். மூலத்தில் 'பாதிப்பு ஏற்படலாம்' என்று இருப்பது சுருக்கத்தில் எப்படி வந்திருக்கிறது? பாதகமாக இருப்பதை மட்டும் பொறுக்கிக்கொண்டு, சாதகமாக இருப்பதை மறைக்காதீர்கள். வேலைவாய்ப்பு எத்தனை என்று எழுதியிருந்தால் அதையும் குறியுங்கள், அது எந்தத் தகுதிக்கு என்பதையும் குறியுங்கள். ஆட்சியர் தலைமையில் கூட்டம் நடக்கும்போது, பக்க எண்ணோடு எழுதிக் கொடுத்த ஒரு தாளைப் பதிவேட்டில் சேர்த்தே ஆக வேண்டும். கோஷம் காற்றோடு போய்விடும். கூட்ட அறிவிப்புக்கும் கூட்டத்துக்கும் இடையே சட்டப்படி குறைந்தது 30 நாள் அவகாசம் உண்டு. நூற்றுக்கணக்கான பக்கங்களை அந்த 30 நாளில் தனி ஒருவர் படிக்க முடியாது. ஆகவே இப்போதே பிரித்துக்கொள்வோம்.

அறிவியல் படிக்கிறவர்கள் நீரும் உப்பும் பற்றிய அத்தியாயங்களை எடுத்துக்கொள்ளுங்கள். வணிகவியல் மாணவர்கள் வேலைவாய்ப்பு, செலவுக் கணக்கு. தமிழ் இலக்கியம் படிக்கிற சகோதரிகள் இரண்டு பேர் சுருக்கத்தை மூலத்தோடு ஒப்பிடட்டும். அவர்களுக்குத் துணையாக ஆங்கிலம் படிக்கிற ஒருவர். குப்பத்து மாணவர்களையும் அழையுங்கள், அவர்கள் இல்லாமல் இது நிறைவேறாது. ஞாயிறு அஸருக்குப் பிறகு மக்ரிப் வரை தக்ரார். ஒவ்வொருவரும் படித்ததைத் தமிழில் சொல்ல வேண்டும், மற்றவர்கள் இடைமறித்துக் கேட்க வேண்டும். ஜெராக்ஸ் செலவை ஏற்க விரும்பும் வியாபாரிகள் வெளியே இருக்கிற நோட்டில் பெயர் எழுதுங்கள். இரண்டு பக்கமும் அச்சடித்தால் தாள் பாதி குறையும், ஆனால் ஓரத்தில் இடம் விட்டு அடிக்கச் சொல்லுங்கள், ஹாஷியா எழுத வேண்டும்.